பச்சை குத்திய கையில் மஞ்சள் பூசலாமா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டொங்காட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 26. போன வருஷம் அம்மா தவறிவிட்டார். அவருடைய பெயரை அவர் கையெழுத்திலேயே, தமிழில், முன்கையின் உட்புறம் பச்சை குத்திக்கொண்டேன். இன்று ஐந்தாம் நாள். தோல் மெல்லிய படலமாக உரிகிறது, அரிப்பு தாங்கவில்லை. பெரியம்மா இரண்டு ராத்திரி மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டார். இப்போது எழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள். குத்திவிட்டவர் வாஸ்லின் போடச் சொன்னார்; அது பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தோழி டீ ட்ரீ எண்ணெய் என்கிறாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி தழும்புக்குத் தடவும் டிஷ்யூ ஆயில் என்கிறார். தோட்டத்தில் கற்றாழையும் வேப்பமரமும் இருக்கின்றன. இயற்கையான பொருள்களை மட்டும் வைத்து இதை ஆற்ற முடியுமா? மஞ்சள் பட்டதால் எழுத்து மங்கிவிடுமா? இன்னும் பத்து நாளில் தைப்பூசம். பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பினேன்: மஞ்சளையும் எண்ணெயையும் இன்றோடு நிறுத்துங்கள், வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவுங்கள், எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒவ்வொரு வருஷமும் காவடி நெருங்கும்போது வேல், ஓம், மயில் என்று கையில் குத்திக்கொண்டு, அப்புறம் எதைப் பூசுவது என்று தெரியாமல் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படட்டும். உங்கள் கையில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. அது நன்றாக ஆறவேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். மஞ்சள் கறையால் பச்சை மங்காது. ஊசி தோலுக்குள் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை விடுகிறது. அங்கே நம் உடம்பின் காவல் செல்கள் மையை வெளிப்பொருள் என்று விழுங்கி, கரைக்க முடியாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. பச்சை ஆயுசுக்கும் நிலைப்பது இதனால்தான். மஞ்சள் ஒட்டியிருப்பதோ மேல்தோலில். அந்தத் தோல் இன்னும் சில நாளில் உரிந்து விழும்போது கறையும் கூடவே போய்விடும். எழுத்து இப்போது கொஞ்சம் மங்கலாக, மேலே பால் படிந்ததுபோல் தெரிந்தாலும் கலங்காதீர்கள். புதுத்தோல் முற்றும்வரை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஊசிக் குத்துகள் விழுந்த இடம் அது. பார்க்க அழகாக இருந்தாலும் இன்றைக்கு அது ஒரு புண். மேல்தோல் மூடிக்கொள்ள இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், உள்ளே முழுதாகச் சரியாக இன்னும் சில மாதங்கள்கூட எடுக்கும். அதனால் ஒரு பொருள் இயற்கையா, கடையில் வாங்கியதா என்று கேட்பதற்கு முன்னால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். புண்ணுக்கு இன்று எத்தனையாவது நாள்? அந்தப் பொருள் புண்ணில் படும் அளவுக்குச் சுத்தமாக இருக்கிறதா? நாலாம் வாரத்தில் நன்மை செய்யும் அதே எண்ணெய் நாலாம் நாளில் கெடுதல் செய்யும். உங்கள் கையில் நடந்திருப்பதும் இதுதான்.

பெரியம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். நாள் பார்ப்பது அவருடைய வைத்தியத்திலேயே இருக்கிறது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை எப்போது ஊற்றுவார்கள் என்று அவரையே கேளுங்கள். கொப்புளம் நீர் கோத்து நிற்கும்போது ஊற்றமாட்டார்கள். எல்லாம் வாடிப் பொருக்குக் கட்டிய பிறகுதான் முதல் தண்ணீர். அந்தக் கணக்கை உங்கள் கைக்கும் வைத்துக்கொண்டால் போதும்.

மஞ்சளை நான் குறைத்துப் பேசவில்லை. அதிலுள்ள குர்குமின் அழற்சியைக் குறைப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது தண்ணீரில் கரையாது, தோல் வழியாக உள்ளே போவதும் மிகக் கொஞ்சம். வெறும் தூளைக் குழைத்துப் பூசினால் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். அதோடு மஞ்சள் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு. காயவைத்து, அரைத்து, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் திறந்த குவியலிலிருந்து அள்ளிக் கொடுக்கும் தூளில் மண்ணிலுள்ள கிருமிகளின் வித்துகள் இருக்கத்தான் செய்யும். கறியில் போட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிடுவதால் நமக்குத் தொல்லை இல்லை. திறந்த தோலில் அப்படியே வைப்பது வேறு விஷயம். நிறம் தூக்கலாகத் தெரிய ஈயம் கலந்த சாயத்தைச் சேர்ப்பதும் நடக்கிற கதைதான்; 2019-ல் பங்களாதேஷில் இது பெரிய விவகாரமாகி அரசாங்கமே நடவடிக்கை எடுத்தது.

ஒரு செவிலியாக எனக்கு இவற்றைவிடப் பெரிய கவலை வேறொன்று. மஞ்சள் புண்ணின் முகத்தை மறைத்துவிடுகிறது. சீழ் மஞ்சளா, பூசியது மஞ்சளா என்று தெரியாது. சிவப்பு பரவுகிறதா என்பதும் தெரியாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், அதன்மேல் மஞ்சள் அப்பினால் கண்ணுக்கு வேலையே இல்லை. தீக்காயத்தில் மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு வருபவர்களுக்கு முதல் அரை மணி நேரம் அதைக் கழுவி எடுப்பதிலேயே போய்விடும். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். அதில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம், கிருமியைக் கட்டுப்படுத்தும் குணம் உண்டு. எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல்நோய் உள்ளவர்களின் தோலில் ஸ்டாஃப் என்ற கிருமி குறைந்ததாக 2008-ல் பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று வந்தது. ஆனால் டர்பன் பக்கத்துத் தை மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுக்கோடை, ராத்திரியிலும் குறையாத புழுக்கம். அந்த வேர்வையில் கனமாக எண்ணெய் தடவி, மேலே தூளையும் அப்பினால் மயிர்க்கால்கள் அடைத்துக்கொள்ளும். எழுத்தைச் சுற்றி வந்திருக்கும் பருக்கள் பெரும்பாலும் அதுதான். எண்ணெயை நிறுத்திக் கழுவி வந்தால் மூன்று நாலு நாளில் அடங்கவேண்டும். அடங்காமல் பெரிதானாலோ, சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மிளகாய் தொட்ட கையை விட்டு எடுக்கும் சமையலறை பாட்டில் எண்ணெய் எப்போதுமே வேண்டாம்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். கற்றாழை என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கற்றாழை என்று எழுதவில்லை. இந்த நாட்டில் அதுதான் முக்கியமான கேள்வி. நம் ஊர் வழக்கத்தில் சோற்றுக்கற்றாழை என்பது மரம்போல் வளராமல் தரையோடு கொத்தாக இருக்கும், மஞ்சள் பூ பூக்கும். தென்னாப்பிரிக்காவின் சொந்தக் கற்றாழையான ஃபெரோக்ஸ் ஆள் உயரத்துக்குத் தண்டு வைக்கும், இலையில் கருஞ்சிவப்பு முள், குளிர்காலத்தில் நெருப்புக் கொழுந்துபோல் பூ. கசப்புக் கற்றாழை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டிலும் உள்ளே குளுகுளுவென்று சோறு உண்டு. இரண்டிலும் தோலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கசப்புப் பாலும் உண்டு. ஃபெரோக்ஸில் அது ஏராளம். அதைக் காயவைத்துத்தான் பேதி மருந்து செய்கிறார்கள். அந்தப் பால் புண்ணில் பட்டால் எரியும், சிலருக்குத் தடித்துவிடும்.

கற்றாழை வேண்டும் என்று நினைத்தால் தோல் உரிந்து மூடிய பிறகு, அதாவது இரண்டு வாரம் கழித்து, இப்படிச் செய்யுங்கள். அடியிலுள்ள முற்றிய இலையை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். மஞ்சள் பால் வடிந்து அடியில் தேங்கும். அப்புறம் ஓரத்து முள்ளைச் சீவி, பச்சைத் தோலைக் கொஞ்சம் கனமாகவே அரிந்து எடுத்துவிட்டு, கண்ணாடிபோல் இருக்கும் சோற்றை மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். முதலில் மறுகையின் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் பச்சையின் மேல் மெல்லியதாகத் தடவலாம். மிச்சத்தை ஃப்ரிஜ்ஜில் வைத்தாலும் மறுநாளே தூக்கிப் போட்டுவிடுங்கள். கற்றாழைச் சோறு குளிர்ச்சி தரும், அரிப்பை ஆற்றும். லேசான தீக்காயத்தில் அது ஆறுவதை விரைவாக்குவதாகவும் சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் திறந்த புண்ணில் தோட்டத்து இலை வேண்டாம். எவ்வளவு அலசினாலும் அது மண்ணில் நின்ற இலைதான்.

பல்பைன் என்று ஒரு செடி பல வீட்டு வாசலில் இருக்கும். வெங்காயத்தாள்போல் சதைப்பற்றுள்ள இலை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு வைத்ததுபோல் சின்னப் பூக்கள். தீக்காயம், சிராய்ப்பு, பூச்சிக்கடிக்கு இலையை ஒடித்துச் சாற்றைத் தடவுவது இந்த மண்ணின் மக்கள் காலங்காலமாகச் செய்துவரும் வைத்தியம். எனக்கு அந்தச் செடியின்மேல் மதிப்பு உண்டு. உங்களுக்கும் உதவும், ஆனால் கற்றாழைக்குச் சொன்ன அதே கட்டுப்பாட்டோடு.

வேப்பமரத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும்தான் நான் கொஞ்சம் திடுக்கிட்டேன். நம் நேட்டால் மாகாணத்தில் நம்மவர்கள் வேம்பு என்று சொல்லி மாரியம்மன் கும்பிடும்போது ஒடிக்கும் மரம் பல வீடுகளில் உண்மையான வேம்பு அல்ல, சிரிங்கா. தமிழ்நாட்டில் மலைவேம்பு என்பார்களே, அதன் இனம். பார்த்தால் அண்ணன் தம்பிபோல் இருக்கும், குணம் வேறு. வேம்பில் ஒரு நடுக்காம்பின் இரண்டு பக்கமும் நேராக இலைகள் வரிசையாக இருக்கும். சிரிங்காவில் அந்தக் காம்பே மறுபடி கிளைவிட்டு, அந்தக் கிளையில் இலைகள் இருக்கும். வேம்பின் பூ வெள்ளை, சிரிங்காவின் பூ இளம் ஊதா. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிய பிறகும் மஞ்சள் மணிபோல் காய்கள் கொத்தாகத் தொங்கினால் அது சிரிங்காதான். அந்தக் காயில் விஷம் உண்டு. குழந்தைகளும் நாய்களும் தின்று ஆபத்தான நிலைக்குப் போயிருக்கிறார்கள். சாமிக்கு வைப்பதை நான் ஒன்றும் சொல்லவில்லை. அரைத்துப் புண்ணில் பூசுவது மட்டும் கூடவே கூடாது. உண்மையான வேப்பெண்ணெய் கிடைத்தாலும் புதுப் பச்சைக்கு அது காட்டம்.

டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் நேராக வைத்தால் திறந்த தோலைச் சுட்டுவிடும். பாட்டிலைத் திறந்து நாளாக ஆக அது காற்றோடு சேர்ந்து கெட்டு, ஒவ்வாமையை உண்டாக்கும் தன்மை கூடிக்கொண்டே போகும். லாவெண்டர் எண்ணெய்க்கும் இதே பதில். ஆன்ட்டி சொன்ன டிஷ்யூ ஆயிலில் பெரும்பாலும் வாசனை சேர்த்திருப்பார்கள். லேபிளைப் படித்தீர்களானால் உடைந்த தோலில் போடாதீர்கள் என்று பலவற்றில் அவர்களே எழுதியிருப்பார்கள். ஸாம்பக் களிம்பில் யூகலிப்டஸும் கற்பூரமும் இருக்கிறது, அதையும் தள்ளி வையுங்கள். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவார்கள், அதுவும் வேண்டாம். 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அறுவைத் தழும்புகளில் அதைப் பூசிப் பார்த்தார்கள். தழும்பு பெரும்பாலோருக்கு மேம்படவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்ததுதான் மிச்சம்.

அக்வியஸ் கிரீம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வெள்ளை டப்பாவில் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும், மென்மையானது என்று நம்பி எல்லாவற்றுக்கும் தடவுகிறோம். பல தயாரிப்புகளில் எஸ்எல்எஸ் என்னும் நுரைப்பொருள் சேர்ந்திருக்கிறது. அது தோலில் தங்கினால் தோலின் காப்பையே மெலியவைக்கும். இங்கிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் இதைப் பற்றி எச்சரித்தது. தடவி உடனே கழுவிவிடும் சோப்புக்குப் பதிலாக அது நல்லது. பூசிவிட்டுப் போக வேண்டுமானால் எஸ்எல்எஸ் இல்லாதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வாஸ்லினுக்கு வருகிறேன். நீங்கள் ஒதுக்கிய அந்தப் பொருளைத்தான் நான் முதல் நாள்களுக்குச் சொல்வேன். பெட்ரோலியத்திலிருந்து வருவது உண்மை. ஆனால் நன்றாகச் சுத்திகரித்தது, வாசனை இல்லை, யாருக்கும் ஒவ்வாமை வருவது அபூர்வம். காயத்தைக் காயவிடாமல் ஈரம் காத்தால் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்பதை ஜார்ஜ் விண்டர் 1962-ல் பன்றிகளின் காயங்களில் காட்டினார். இன்றைய புண் வைத்தியம் முழுவதும் அதிலிருந்து தொடங்கியதுதான். 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 900-க்கும் மேற்பட்டவர்களின் சிறு அறுவைக் காயங்களில் பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக் களிம்பும் பாதிப் பேருக்கு வாஸ்லின் போன்ற வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் போட்டார்கள். தொற்று வந்ததில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வாமை களிம்பு போட்ட சிலருக்கு வந்தது, ஜெல்லி போட்ட ஒருவருக்கும் வரவில்லை. வீட்டில் எல்லாரும் விரல் விட்ட டப்பா வேண்டாம். புதிதாக ஒரு சின்ன டியூப் வாங்குங்கள். ஒரு பட்டாணி அளவு எடுத்து முழு எழுத்துக்கும் தேய்த்தால் போதும். பளபளவென்று வழிந்தால் அதிகம் என்று அர்த்தம், டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இயற்கைதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் மருத்துவத் தேன் இருக்கிறது. கதிர்வீச்சால் சுத்திகரித்து டியூபில் வரும். லேசான தீக்காயங்களில் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் சீக்கிரம் ஆற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. விலை அதிகம், பிசுபிசுப்பு, எறும்பும் வரும். கடைத் தேன் அதற்கு மாற்று அல்ல, அதில் கிருமி வித்துகள் இருக்கலாம்.

இன்றிலிருந்து செய்யவேண்டியது கொஞ்சம்தான். காலையிலும் மாலையிலும் முதலில் உங்கள் கைகளைக் கழுவுங்கள். வாசனையில்லாத திரவ சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் எழுத்தின் மேல் மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். துணியோ ஸ்பாஞ்சோ வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசி, துண்டால் துடைக்காமல் சமையலறைப் பேப்பரால் ஒற்றி எடுங்கள். பத்து நிமிஷம் காற்றாட விட்டு, அப்புறம் ஜெல்லியோ வாசனையில்லாத லேசான லோஷனோ மெல்லிய பூச்சு. உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், அதோடு மையும் கொஞ்சம் வந்துவிட்டால் எழுத்தில் வெள்ளைத் திட்டு விழும். அரிப்பு வரும்போது சுத்தமான துணியை ஃப்ரிஜ்ஜில் குளிரவைத்து ஐந்து நிமிஷம் வையுங்கள். ராத்திரி தூக்கத்தில் சொறிந்துவிடுவீர்கள் என்றால் ஃபார்மசியில் அலர்ஜி மாத்திரை கேளுங்கள், நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் டொங்காட்காரர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர்க் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து எத்தனையோ வீடுகளில் ஜோஜோ தண்ணீர் டேங்க் வந்துவிட்டது. டேங்கில் நிற்கும் மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடாமல் இந்தக் கையில் ஊற்றாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரத்தில் 2011 வாக்கில் சாம்பல் நிற மை குத்திக்கொண்ட 19 பேருக்குச் சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு எளிதில் அடங்காத ஒரு தொற்று வந்தது. தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் மைக்கோபாக்டீரியா வகைக் கிருமி அது; மையைத் தயாரிக்கும்போதே உள்ளே வந்திருக்கிறது. குத்தி முடித்துச் சில வாரம் கழித்துத்தான் சின்னச் சின்ன முடிச்சாகக் கிளம்பியது. நான்கு வாரத்துக்குக் கடலிலும் குளத்திலும் நீச்சல் குளத்திலும் இறங்காதீர்கள்.

பால்குடம் எடுக்கலாமா என்றால், எடுங்கள். அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருக்கும், தோல் பெரும்பாலும் மூடியிருக்கும், ஆனால் வெங்காயச் சருகுபோல் மெல்லியதாக இருக்கும். குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடிக்கும்போது ததும்பும் பால் நேராக முன்கையின் உட்புறம்தான் வழியும். பால் அங்கே வேர்வையோடு மணிக்கணக்கில் ஊறக்கூடாது. அதனால் கிளம்பும்போது ஒட்டாத காஸ் பேட் ஒன்றை எழுத்தின் மேல் வைத்து லேசாகக் கட்டுப் போட்டு, மேலே முழுக்கை பருத்தி ரவிக்கை போடுங்கள். வெயிலிலிருந்தும் அது காக்கும். மஞ்சள் தண்ணீர் காலில் ஊற்றட்டும். விபூதி நெற்றியில் இருக்கட்டும், இந்த வருஷம் கையில் மூன்று கோடு இழுக்க வேண்டாம் என்று பூசாரியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்காருவதற்கு முன் கட்டைப் பிரித்துக் கையைக் கழுவுங்கள். விரதத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். பயறு, பருப்பு, பால் நன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், புண் ஆறப் புரதம் வேண்டும்.

நாலு வாரம் கழித்து உங்கள் இயற்கைப் பொருள்களுக்கு நேரம் வரும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை அப்போது ராத்திரியில் இரண்டு சொட்டு தடவுங்கள், தாராளமாக. ஷியா வெண்ணெயும் நல்லது. மரூலா என்னும் இந்த மண்ணின் மரத்துக் கொட்டையில் எடுக்கும் எண்ணெயை இங்கே பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி ஒலேயிக் அமிலம் என்னும் கொழுப்பு, ஆலிவ் எண்ணெயில் இருப்பதுபோலவே. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் கெடுத்ததையும், சூரியகாந்தி எண்ணெய் கெடுக்காமல் ஈரம் கூட்டியதையும் 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் வறண்ட, அரிக்கும் தோலுக்கு நான் விலை குறைந்த சூரியகாந்தியைத்தான் சொல்வேன். ரூயிபோஸ் என்னும் மூலிகைத் தேநீரை ஆறவைத்து ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை, சுகமாக இருக்கும். மஞ்சள் தேய்த்துக் குளிப்பதும் அப்போது உங்கள் விருப்பம். இவை எல்லாவற்றையும்விட எழுத்தைக் காப்பது வெயிலிலிருந்து மறைப்பதுதான். தோல் முழுதாக ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆறும்வரை துணிதான் சன்ஸ்கிரீன்.

எப்போது டாக்டரிடம் ஓடவேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று நாள் வீக்கமும் சூடும் சகஜம். அதற்கப்புறம் அவை குறையாமல் கூடினால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், எழுத்திலிருந்து அக்குள் பக்கம் கோடுபோல் ஏறினால் அன்றே காட்டவேண்டும். நம் தோலில் சிவப்பைத் தேடாதீர்கள். கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சுற்றுத்தோல் கறுப்பது, புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடுவது, அழுத்தினால் கல்போல் இருப்பது, இவற்றைப் பாருங்கள். சர்க்கரை நோய் நம் குடும்பங்களில் அதிகம். உங்களுக்கு இருந்தால், அல்லது பரிசோதித்ததே இல்லையென்றால், ஒருமுறை விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடினால் புண் ஆறாது. வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் சதை உருண்டையாக வளர்ந்திருந்தால் அதையும் மனதில் வையுங்கள். உங்கள் எழுத்து மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போனால் தோல் மருத்துவரைப் பார்க்கவேண்டும், சீக்கிரம் போனால் ஊசி போட்டு அடக்கலாம். சிவப்பு மை சேர்த்திருந்தால் அந்த இடம் மட்டும் வருஷங்கள் கழித்தும் அரித்துத் தடிக்கலாம், அது ஒவ்வாமை.

டாக்டரிடம் போகும்போது இன்றிலிருந்து தினமும் அதே வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். என்னென்ன பூசினீர்கள், எந்த நாள் பூசினீர்கள் என்பதை மஞ்சள் உட்பட ஒளிக்காமல் சொல்லுங்கள். குத்திவிட்டவரிடம் மையின் பெயரையும் பாட்டிலிலுள்ள பேட்ச் எண்ணையும் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.